கைராசிக்காரரின் இடது கட்டைவிரல்

அந்தத் தொழிற்சாலையில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் யாரும் இல்லை. கைராசிக்காரர் என்றால் போதும், வாசலில் நிற்கும் காவலாளி முதல் மாடியில் இருக்கும் மேனேஜர் வரை எல்லோருக்கும் தெரியும். மற்றவர்கள் சோதித்தால் பத்துத் தடவையில் இரண்டு தடவையாவது அழிச்சாட்டியம் பண்ணும் ஃபீடர்கள் இவர் பெஞ்சுக்கு வந்ததும் பெட்டிப்பாம்பாக அடங்கிவிடும். பதினாறு வருடத்தில் இவர் கையெழுத்துப் போட்ட ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. அதற்காக ஒரு சுவர்க்கடிகாரமும், கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு பாராட்டுத்தாளும் கொடுத்திருந்தார்கள்.

ஃபீடர் என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கதை பிடிபடாது. வண்டி மேல் பொருத்தி, சடசடவென்று சுடுகிற பெரிய துப்பாக்கி ஒன்று இருக்கிறது. அதற்குத் தோட்டா ஊட்டுகிற இரும்புப் பெட்டிதான் ஃபீடர். இதற்கு இரண்டு வாசல். இடது வாசலில் ஒரு பெல்ட் நுழையும், அதில் விழுந்த இடத்தில் வெடிக்கிற தோட்டாக்கள். வலது வாசலில் இன்னொரு பெல்ட், அதில் பயிற்சிக்கான, வெடிக்காத தோட்டாக்கள். நடுவில் ஒரு லீவர். எந்தப் பக்கம் தள்ளுகிறோமோ அந்தப் பக்கத்துத் தோட்டா போக வேண்டும்.

கேட்க எளிதாகத்தான் இருக்கும். சிக்கல் எங்கே என்றால், லீவரைத் தள்ளுகிற நேரத்தில் பழைய பக்கத்துத் தோட்டா ஒன்று ஏற்கெனவே உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கும், பஸ் படியில் ஒரு காலை வைத்துவிட்ட ஆள் மாதிரி. அதைப் பிடித்துப் பின்னால் தள்ளிவிட வேண்டும். அதற்கென்றே ஒரு சின்ன இரும்பு நாக்கும், அதன் முதுகில் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு ஸ்பிரிங்கும் உண்டு. ஸ்பிரிங் சோப்ளாங்கியாக இருந்தால் நாக்கு பாதியில் நின்றுவிடும். பழைய தோட்டாதான் முதலில் போகும்.

நாக்கு ஒழுங்காகத் தள்ளுகிறதா என்று பார்ப்பதுதான் கைராசிக்காரரின் வேலை. டம்மித் தோட்டாக்களை இரண்டு பக்கமும் போட்டு, லீவரை இப்படியும் அப்படியும் பன்னிரண்டு தடவை தள்ளிப் பார்ப்பார். வலது கை லீவரில் இருக்க வேண்டும், இடது கை பெஞ்சின் ஓரத்துக் கம்பியைப் பிடித்திருக்க வேண்டும் என்று சுவரில் ஒட்டிய தாளில் எழுதியிருந்தது. அந்தத் தாளை அவர் கடைசியாகப் படித்தது எப்போது என்று அவருக்கே தெரியாது. இடது கையைக் குழந்தை முதுகில் வைப்பது போல, கட்டைவிரல் இடது வாசல் ஓரம் இருக்கும்படி ஃபீடர் மேல் வைத்துக்கொள்வார். அப்படி வைத்தால்தான் அது பேசுவது கேட்கும் என்பார். கேட்டவர்கள் ஆகா என்பார்கள்.

வீட்டில் அவர் மனைவிக்கு இந்த ராசி மேல் பெரிய மரியாதை கிடையாது. "ஊர்ல இருக்கிற துப்பாக்கியெல்லாம் உங்க கைக்கு அடங்குதாம், நம்ம வீட்டுக் குழாய் மட்டும் ராத்திரி பகலா ஒழுகுது" என்பார். ஆனால் அவருக்கும் தெரிந்த ஒன்று உண்டு. எது பாதியில் நின்றாலும் இந்த மனிதருக்குப் பொறுக்காது. பாதி மூடிய இழுப்பறையைத் தள்ளிவிடுவார். பாதி திறந்த கதவைச் சாத்துவார். பஸ்ஸில் முன்னால் நிற்கிற முன்பின் தெரியாத ஆளின் பையிலிருந்து குடை நீட்டிக்கொண்டிருந்தால் அதை உள்ளே அழுத்திவிட்டுத் திட்டு வாங்குவார். "நானா? நான் எப்ப தொட்டேன்?" என்று கேட்பார். பொய் சொல்கிறார் என்று அந்த ஆள் இன்னும் நாலு வார்த்தை திட்டுவான். ஆனால் அது பொய்யில்லை, உண்மையிலேயே அவருக்குத் தெரியாது.

இப்படி இருக்கும்போதுதான் விசாரணைக் கமிட்டி வந்தது.

ஆறு வாரத்துக்கு முன்னால் பயிற்சித் திடலில் ஒரு விபத்து. ஒரு சிப்பாய் தூரத்துக் குன்றைப் பார்த்து வெடிக்கிற தோட்டாக்களைச் சுட்டுக்கொண்டிருந்தார். பிறகு பயிற்சித் தோட்டாவுக்கு மாற்றி, பக்கத்தில் இருந்த மரப்பலகையைச் சுடச் சொன்னார்கள். லீவரைத் தள்ளினார், சுட்டார். முதலில் போனது வெடித்தது. பலகையை நிறுத்தி வைக்கிற வேலை பார்ப்பவர், பக்கத்துப் பள்ளத்தில் பாதுகாப்பாகத்தான் உட்கார்ந்திருந்தார். வெடிக்காத தோட்டாவுக்குப் போதுமான பள்ளம் அது. சிதறல் பட்டு முழங்காலுக்குக் கீழே ஒரு காலை எடுத்துவிட்டார்கள். லீவரை முழுக்கத் தள்ளினேன் என்றார் சிப்பாய். ஃபீடரில் குறையே இருக்காது, சோதித்தவர் கைராசிக்காரர் என்றது தொழிற்சாலை.

கமிட்டியில் மூன்று பேர். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு அதையே தேடுகிற ஒரு தலைவியம்மா, வாயே திறக்காத ஒரு அதிகாரி, எழுதிக்கொள்ள ஒரு குமாஸ்தா. அந்த ஃபீடரையே கழற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். சிப்பாயும் வந்திருந்தார். முப்பது வயதுக்கு மேல் இருக்கும், இஸ்திரி போட்ட சட்டை, கண்ணில் தூக்கமே இல்லை. இன்றைய சோதனையில்தான் அவருடைய வேலையும் பேரும் தொங்கிக்கொண்டிருந்தன.

பழைய டம்மிகள் எல்லாம் ஒரே கறுப்பாகத் தேய்ந்து போயிருந்ததால், பார்க்கிறவர்களுக்குப் புரியட்டும் என்று குமாஸ்தா முந்தின நாள் சாயங்காலம் சிவப்பும் நீலமுமாக வர்ணம் அடித்து வைத்திருந்தார். சிவப்பு வெடிக்கிறது, நீலம் வெடிக்காதது.

கைராசிக்காரர் ஃபீடரைப் பெஞ்சில் ஏற்றி, இடது கையை அதன் முதுகில் வைத்தார். லீவரைத் தள்ளினார். நீலம் வந்தது. திரும்ப சிவப்புக்குப் போய், திரும்ப நீலத்துக்கு வந்தார். நீலம்தான். பன்னிரண்டு தடவையும் ஒரு பிசகு இல்லை. சூப்பர்வைசர் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு, தானே பெற்றெடுத்த பிள்ளை பரிசு வாங்குவது போல நின்றார். சூப்பர்வைசர் வேறு யாருமல்ல, கைராசிக்காரரின் மனைவியுடைய அண்ணன்தான்.

தலைவியம்மா சிப்பாயைப் பார்த்தார். "லீவரை முழுசாத் தள்ளினீங்களா?"

"முழுசாத்தான் தள்ளினேன்மா." சிப்பாய் ஃபீடரைப் பார்த்தார், பிறகு தன் வலது கையைப் பார்த்தார். "தள்ளினேன்னுதான் நெனச்சேன்."

குமாஸ்தா இரண்டையும் எழுதிக்கொண்டார்.

சாப்பாட்டு நேரத்தில் கைராசிக்காரர் கை கழுவப் போனார். தண்ணீரைத் திறந்ததும் திடுக்கென்றது. இடது கட்டைவிரல் நுனியில் சிவப்பு. வெட்டிக்கொண்டோம் போல என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார். காயமும் இல்லை, வலியும் இல்லை. முகர்ந்து பார்த்தார். வர்ணம்.

அவர் குழாயை மூடவில்லை. ஃபீடரில் தோட்டாவை ஏற்றுவது வலது கை. லீவர் வலது கை. இடது கை சும்மா மேலே இருக்கிற கை. சும்மா இருக்கிற கையின் கட்டைவிரலுக்கு, உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டு நின்ற சிவப்புத் தோட்டாவோடு என்ன வேலை?

பின்னால் ஒருவர் "அண்ணே, தண்ணி போகுது" என்ற பிறகுதான் மூடினார்.

நேராகச் சூப்பர்வைசரிடம் போனார். "மச்சான், சாவியை எடுத்துட்டு வாங்க" என்றார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை உதறிக்கொண்டு வந்தார். சோதனை அறையைத் திறந்து, இரண்டு பேரும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். கைராசிக்காரர் இடது கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு லீவரை நீலத்துக்குத் தள்ளினார்.

சிவப்பு வந்தது.

சிவப்புக்குப் போய், திரும்ப நீலத்துக்குத் தள்ளினார். நீலம். ஒரு நொடி உயிர் வந்தது. மறுபடி அதே மாதிரி தள்ளினார். சிவப்பு. அதற்கடுத்ததும் சிவப்பு. நாக்கு பாதி தூரம் போய், சோம்பேறி மாதிரி அங்கேயே நின்றது. பைக்குள் இருந்த இடது கை துடித்தது. வெளியே வந்து அந்தத் தோட்டாவை ஒரு தள்ளு தள்ள வேண்டும் என்று அது துடிப்பதை அவர் முதல் தடவையாக உணர்ந்தார். பதினாறு வருடமாக இதைத்தான் செய்துகொண்டிருந்திருக்கிறது. ஃபீடர் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க உட்கார்ந்தவர், அதன் வேலையைத் தானே செய்து கொடுத்துவிட்டு, தேறியது என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார். அழிச்சாட்டியம் பண்ணும் ஃபீடர்களை எல்லோரும் அவரிடம் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவையெல்லாம் எங்கேயோ, யாருடைய வண்டி மேலோ இருக்கின்றன. சடசடவென்று சுடும்போது முதல் தோட்டா எதுவென்று யார் பார்த்தார்கள்? பார்க்கும்படியாக ஒன்று நடக்கும் வரை யாரும் பார்க்கவில்லை.

அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. அம்மணமாகத் தெருவில் நிற்பது போல இருந்தது.

சூப்பர்வைசர் கதவுத் தாழ்ப்பாளை ஒரு தடவை சரிபார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"மாப்ளே, நீ வேணும்னு பண்ணலை."

"வேணும்னு பண்ணலை மச்சான். ஆனா பண்ணிட்டேனே."

"மூணு மாசத்துல ரிட்டயர் ஆகப் போறே. இப்ப போய் வாயைத் தொறந்தா உன் ஒருத்தன் தலை மட்டுமா உருளும்? இத்தனை பேரு, இத்தனை வருஷம். அந்தப் பையனை ஜெயில்லயா போடப் போறாங்க? வேற வேலைக்கு மாத்துவாங்க, அவ்வளவுதான். ஸ்பிரிங்கை நான் கமுக்கமா அடுத்த லாட்லேருந்து மாத்திடறேன். நீ கையை நல்லா சோப்புப் போட்டுக் கழுவு."

இது ஒரு யோசனையா என்று கேட்டிருக்க வேண்டும். கைராசிக்காரர் கேட்கவில்லை. கையைக் கழுவினார். அதை நினைத்தால் எனக்கே ஆத்திரமாக வருகிறது, ஆனால் நடந்தது அதுதான்.

மூன்று மணிக்குத் தலைவியம்மா முடிவை வாசித்தார். ஃபீடரில் குறை காணப்படவில்லை, லீவர் முழுமையாகத் தள்ளப்படாததே காரணம். சோதித்தவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போடச் சொல்லித் தாளை நீட்டினார்கள். கைராசிக்காரர் போட்டார். கை நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால் தேவலை என்று அவருக்குத் தோன்றியது.

வாசலில் சிப்பாய் காத்துக்கொண்டிருந்தார். இவரைப் பார்த்ததும் கிட்டே வந்தார்.

"அண்ணே, உங்களுக்குத்தான் நன்றி சொல்லணும்."

"எனக்கு எதுக்குப்பா?"

"ஆறு வாரமா நான் நானா இல்லண்ணே. மெஷின்தான் தப்பு, மெஷின்தான் தப்புன்னு எல்லார்கிட்டயும் சண்டை போட்டேன். அந்தப் பலகைக்காரரைப் போய்ப் பாக்கக்கூட இல்லை. பாத்தா ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்னு ரோஷம். இன்னைக்குத்தான் என் கண்ணாலயே பார்த்துட்டேனே, பன்னெண்டு தடவை. தப்பு என் கைதான். இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போறேன். அவர் கால்ல... அவர்கிட்ட மன்னிப்புக் கேட்டுடறேன்."

ஒரே ஒரு வார்த்தை. போகாதே என்று சொன்னால் போதும். கைராசிக்காரர் வாயைத் திறந்தார். சூப்பர்வைசர் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். "பாத்துப் போப்பா" என்ற வார்த்தைதான் வெளியே வந்தது.

அன்று சாயங்காலம் வீட்டில் அவர் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார். அலமாரிக் கதவு பாதி திறந்து கிடந்தது. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார், எழுந்திருக்கவில்லை. மனைவி வந்து அதைச் சாத்திவிட்டு, எதிரே உட்கார்ந்தார்.

"என்ன ஆச்சு? சொல்லுங்க."

சொன்னார். வர்ணம், சிவப்புத் தோட்டா, அண்ணன் சொன்னது, கையெழுத்து, வாசலில் நன்றி சொன்னது என்று ஒன்று விடாமல் சொன்னார். மனைவி திட்டுவார் என்று எதிர்பார்த்தார். திட்டினால் கொஞ்சம் ஆறும் போல இருந்தது.

"அந்த சிப்பாய்க்குப் பிள்ளைங்க இருக்கா?" என்று கேட்டார் மனைவி.

"தெரியலை."

"காலு போன ஆளுக்கு?"

"தெரியலை."

"எங்கண்ணன் உங்களைக் காப்பாத்துவான்னு மட்டும் நல்லாத் தெரியுது." எழுந்து போய், சமையலறையில் பாத்திரத்தைத் தேய்க்க ஆரம்பித்தார்.

மறுநாள் காலையில், கமிட்டி ஊருக்குக் கிளம்பக் காரில் ஏறும் நேரத்தில், கைராசிக்காரர் குறுக்கே போய் நின்றார்.

"அம்மா, நேத்து நான் காட்டினது தப்பு. இன்னொரு தடவை காட்டணும்."

சூப்பர்வைசர் ஓடிவந்து, "அவருக்கு உடம்பு சரியில்ல மேடம், ராத்திரியெல்லாம் காய்ச்சல்" என்றார். தலைவியம்மா கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். காரிலிருந்து இறங்கினார்.

பெஞ்சின் முன்னால் கைராசிக்காரர் குமாஸ்தாவைக் கூப்பிட்டார். "தம்பி, என் இடது கையைக் கொஞ்சம் கெட்டியாப் பிடிச்சுக்கோங்க. நான் கேட்டாலும் விடாதீங்க." குமாஸ்தா விழித்தார், ஆனால் பிடித்துக்கொண்டார். நீலத்துக்குத் தள்ளிய பன்னிரண்டில் ஒன்பது தடவை சிவப்பு வந்தது. ஒவ்வொரு தடவையும் அந்தக் கை தன் பிடியில் துள்ளுவதைக் குமாஸ்தா உணர்ந்தார். ஐந்தாவது தடவைக்குப் பிறகு அவர் கைராசிக்காரரின் முகத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார்.

நேற்று மதியமே தெரியும் என்பதையும், தெரிந்தேதான் கையெழுத்துப் போட்டேன் என்பதையும் கைராசிக்காரர் சொன்னார். மச்சானைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. சூப்பர்வைசரும் எதுவும் சொல்லவில்லை.

"இதுவரைக்கும் நீங்க பாஸ் பண்ணினதுல எதையெல்லாம் திரும்பப் பார்க்கணும்?" என்று கேட்டார் தலைவியம்மா.

"எல்லாத்தையும்."

தலைவியம்மா கோபப்படவில்லை. நேற்றைய தாளைக் குறுக்கே கிழித்தார். வாய் திறக்காத அதிகாரி அப்போதுதான் வாய் திறந்தார். போனை எடுத்து, அந்தத் துப்பாக்கி இருக்கிற வண்டிகளை எல்லாம் உடனே நிறுத்தி வைக்கச் சொன்னார். சிப்பாய்க்கும் சொல்லிவிடலாம் என்று தேடினார்கள். அவர் விடிகாலையிலேயே முகாமுக்குக் கிளம்பிவிட்டிருந்தார், போன் எடுக்கவில்லை.

"அந்தப் பலகைக்காரர்கிட்ட நானே போய்ச் சொல்றேன்மா" என்றார் கைராசிக்காரர். வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரி வார்டில் எட்டுக் கட்டில்கள். ஜன்னலோரத்துக் கட்டிலில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். போர்வை ஒரு பக்கம் மட்டும் மேடாக இருந்தது. பக்கத்தில் அவருடைய அக்கா பழம் நறுக்கிக்கொண்டிருந்தார். கைராசிக்காரர் தான் யார் என்று சொன்னார். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. வரும் வழியெல்லாம் அவர் தன்னைத் தயார்படுத்திக்கொண்டுதான் வந்திருந்தார். காறித் துப்பினால் துடைத்துக்கொள்ளக் கூடாது, அடித்தால் தடுக்கக் கூடாது.

பலகைக்காரர் குறுக்கே பேசாமல் கேட்டார். முடிந்ததும் அக்காவைப் பார்த்தார். அக்கா கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

"அப்ப அந்த சிப்பாய் லீவரை முழுசாத்தான் தள்ளியிருக்காரா?"

"முழுசாத்தான்."

"உங்களுக்கு இது எப்ப தெரியும்?"

"நேத்து மத்தியானம்."

பலகைக்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

"அவரு நேத்து சாயங்காலம் இங்க வந்தாரு. தப்பெல்லாம் என்மேலதான்னு இதோ இந்தக் கட்டில் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு அழுதாரு. நான் அடிச்சேன். கன்னத்துல. ஒரு அடி இல்ல, கை ஓயற வரைக்கும். வாயில வராத வார்த்தையெல்லாம் சொன்னேன், அவங்க அம்மாவை இழுத்துத் திட்டினேன். இந்த வார்டே பாத்துச்சு. நல்லா குடுன்னு அந்தக் கட்டில்காரர் சத்தம் போட்டாரு. அவரு முகத்தைத் திருப்பிக்கக்கூட இல்லை. உதடு கிழிஞ்சு ரத்தம் வந்துச்சு, வாங்கிக்கிட்டே நின்னாரு. போகும்போது என்னைக் கும்பிட்டுட்டுப் போனாரு."

கைராசிக்காரர் கட்டிலருகே மண்டி போட்டார். "என்னை அடிங்க. அதுக்குத்தான் வந்தேன்."

"நீங்க அடி வாங்கிட்டு நிம்மதியாப் போயிடுவீங்க." பலகைக்காரரின் குரல் உயரவில்லை. "நேத்தே வாயைத் தொறந்திருக்கலாமே, ஐயா. ஒரு நாள் முந்தி. நான் யாரு வம்புக்கும் போகாத மனுஷன். என் பிள்ளைங்களைக்கூட அடிச்சதில்ல. இது வரைக்கும் எனக்குக் காலுதான் போச்சுன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்."

அவர் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்து மூடிக்கொண்டார். அக்கா எழுந்து வந்து, போய்விடுங்கள் என்று கையைக் காட்டினார். கைராசிக்காரர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தார். போர்வைக்குள்ளிருந்து அழுகைச் சத்தம் கேட்டது.